பழைய வானொலிச் செட் வாங்கும் ஆலயக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் ஆலயத் தொண்டூழியர் குழுக்களும் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்களும் வாக்கி டாக்கி தேட ஆரம்பித்துவிடுவார்கள். தேவைதான். தண்ணீர்மலைக் கோவில் சாலையில் அன்றைக்குச் சேருகிற கூட்டத்தில் கைப்பேசியில் பல நேரம் லைன் கிடைக்காது. கிடைத்தாலும் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். மேலே படிக்கட்டில் யாராவது மயங்கி விழுந்தால், பொத்தானை அழுத்திச் சொன்ன மறுநொடி கீழே ஆம்புலன்ஸ் பக்கம் நிற்பவருக்கும், தேருக்கு முன்னால் நடப்பவருக்கும், பந்தலில் இருப்பவருக்கும் சேர்ந்து கேட்க வேண்டும். இதற்கு வானொலிச் செட்தான் சரி.

புதுச் செட் வாங்க எல்லாக் குழுவாலும் முடியாது. அதனால் பழையது. லோரோங் கூலிட் சந்தையில் தேடுகிறார்கள், இணையத்தில் தேடுகிறார்கள், மூடப்பட்ட கம்பெனிகளின் சாமான்களை மொத்தமாக எடுத்தவரிடம் பேசி வாங்குகிறார்கள். பழையது வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. நல்ல தயாரிப்பு என்றால் இருபது வருடம் தாராளமாக உழைக்கும். ஆனால் பேட்டரியை மாட்டி, இரண்டு செட்டில் 'ஹலோ ஹலோ' சொல்லிப் பார்த்து, கேட்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே யாருடைய அலைவரிசை பதிந்திருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுதான்.

நான் பாயான் லெப்பாஸில் இருவழி வானொலி செய்யும் ஆலையில் சோதனை மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பினாங்குக்கும் இந்தச் சாமானுக்கும் பழைய உறவு. மோட்டரோலா எழுபதுகளிலேயே இந்தத் தீவுக்கு வந்துவிட்டது, இன்றும் இங்கே இருக்கிறது. நம் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் கை பழகினவர்கள். பிறையில் என் தம்பி லோரி ஓட்டம் வைத்திருக்கிறான். அவன் வண்டிகளில் உள்ள செட்டுகளை நான்தான் புரோகிராம் செய்து, அதாவது கணினி வழியாக அலைவரிசைகளைப் பதிந்து கொடுக்கிறேன். அதைக் கேள்விப்பட்டு, 'அக்கா, இதையும் கொஞ்சம் பாருங்க' என்று மற்றவர்களும் கொண்டு வருகிறார்கள். வருகிற செட்டுகளைப் பார்த்துத்தான் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தொண்டூழியப் பிள்ளைகள் சிலர் மொத்தமாக வாங்கிய செட்டுகளைக் கொண்டு வந்தார்கள். ஒரே கம்பெனியில் இருந்தவை, ஆகவே எல்லாவற்றிலும் ஒரே சேனல்கள். 'முதல் சேனல் ரொம்ப நல்லா இருக்கு அக்கா, இங்கிருந்து பேசினா பட்டர்வொர்த்தில் கேக்குது' என்றான் ஒரு பையன், சந்தோஷமாக. எனக்கு உடனே விளங்கிவிட்டது. 4 வாட் கைச் செட், இடையில் இத்தனை கட்டடம், அப்புறம் கடல். தானாக அங்கே போய்ச் சேர வாய்ப்பு மிகக் குறைவு. எங்கோ உயரமான கட்டடத்தின் உச்சியில் இருக்கிற ஒரு ரிப்பீட்டர் இவன் குரலை வாங்கி, பெருக்கி, மறுபடி அனுப்புகிறது. அது யாரோ காசு கட்டி வைத்திருக்கிற ரிப்பீட்டர்.

கேபிளை மாட்டிக் கணினியில் படித்துப் பார்த்தேன். திரையில் சேனல் பெயர்கள் வரிசையாக வந்தன: கேட் 1, கேட் 2, கண்ட்ரோல், ரோந்து. ஒரு காவல் நிறுவனத்தின் செட்டுகள். அவர்களுடைய அலைவரிசை, அவர்களுடைய டோன், எல்லாம் அப்படியே. இந்த டோன் என்பது பேச்சோடு சேர்ந்து போகும் காதுக்குக் கேட்காத மெல்லிய ஒலி. 67 ஹெர்ட்ஸ் முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைப்பார்கள். அதே டோன் உள்ள பேச்சு வந்தால்தான் ஸ்பீக்கர் திறக்கும், ரிப்பீட்டரும் திறக்கும். வேறு ஆளாக இருந்தால் அந்த ரிப்பீட்டர் கண்டுகொண்டே இருக்காது. இந்தப் பிள்ளைகள் கையில் இருந்ததோ அந்த நிறுவனத்தின் சாவி.

அவர்கள் சந்தனக்குடம் எங்கே, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இரவுக் காவலில் தனியாக நிற்கிற யாரோ ஒருவர் உதவிக்குக் கூப்பிட்டிருந்தால்? ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசினால் இரண்டில் ஒன்று அமுங்கிப்போகும், அல்லது இரண்டும் சேர்ந்து வெறும் கீச்சொலியாகும். அந்தக் காவலாளியும் நம் வீட்டு அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். இந்த ஊரில் காவல் வேலையில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். செட்டைக் கைமாற்றிய நிறுவனம் அதற்கு முன்பே உள்ளே இருந்ததை அழித்திருக்க வேண்டும்.

சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி அனுமதி இல்லாத அலைவரிசையில் பேசுவது குற்றம். கடுமையான அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தனக்கென்று ஓர் அலைவரிசை வேண்டும் என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். செட்டும், மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் சான்று பெற்ற மாடலாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியாளாக வரவழைத்த செட்டில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. 'கோவில் காரியத்துக்குத்தானே' என்று சொன்னால் அதிகாரி கேட்டுக்கொள்ள மாட்டார்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? பந்தலுக்கும் லோரிக்கும் ஏற்றது வண்டியில் பொருத்துகிற செட். கைச் செட் 4, 5 வாட் என்றால் இது 25 அல்லது 45 வாட். பந்தலின் பின்புறம் ஒரு கம்பத்தில் ஏரியலைக் கட்டி, கார் பேட்டரியில் ஓட்டினால் கட்டுப்பாட்டு மேசை தயார். 2017 நவம்பரில் பினாங்கை அடித்த புயல் மழையில் பல இடங்களில் மின்சாரம் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சுவரில் செருகுகிற எதையும் நம்ப முடியாத அப்படிப்பட்ட இரவில் கார் பேட்டரியில் ஓடுகிற செட்டின் அருமை தெரியும்.

முதலில் பின்பக்கம் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைப் படியுங்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கிற செட்டுகள் உள்ளே வெவ்வேறு பட்டைக்கு, அதாவது வெவ்வேறு அலைவரிசை எல்லைக்குச் செய்தவை. நம் நாட்டில் நிறையக் கிடைக்கிற மோட்டரோலா ஜிஎம்338 செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண் ஏஇசட்எம்25 என்று தொடங்கும். அந்த 25க்கு அடுத்த எழுத்துதான் முக்கியம். 'கே' என்றால் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை. 'ஆர்' என்றால் 403 முதல் 470 வரை. உங்களுக்கு அனுமதி கிடைத்திருப்பது 150 பக்கம் என்றால், 'ஆர்' செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கிப் பயனில்லை. புரோகிராம் செய்து இதை மாற்ற முடியாது. உள்ளே இருக்கிற சுற்றே வேறு. 'சாஃப்ட்வேரில் மாத்திக்கலாம்' என்று சொல்லி விற்கிறவரிடம் தயவு செய்து வாங்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிற பழைய செட்டுகளில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே 2013 ஜனவரி 1 முதல் இந்த வகைத் தொழில் வானொலிகள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்தை விட்டு 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மாற முடியாத பழைய செட்டுகளை மலிவாகத் தள்ளிவிட்டார்கள். அகலச் சேனல் மட்டும் தெரிந்த செட்டைக் கொண்டுவந்து ஒடுக்கச் சேனலில் பேசினால் பக்கத்துச் சேனல்காரரின் பேச்சிலும் போய்க் குத்தும்.

அடுத்தது செட்டின் உடம்பு. நம் ஊர் கடற்கரை ஊர், துறைமுகத்திலும் மீன்பிடிப் படகிலும் இருந்த செட் என்றால் பின்னால் உள்ள ஏரியல் சாக்கெட்டையும் மின்சார முனைகளையும் பார்த்தாலே தெரியும், பச்சை பூத்திருக்கும். மேல்மூடியின் திருகாணிகள் தேய்ந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். மைக்கின் சுருள் வயரை இழுத்து இழுத்துப் பேசிப் பாருங்கள், வயர் உள்ளே அறுந்திருந்தால் குரல் விட்டு விட்டு வரும். மைக், மாட்டும் தாங்கி, ஃபியூஸோடு கூடிய பவர் வயர், இந்த மூன்றும் சேர்த்துத்தான் விலையா என்று கேளுங்கள். செட் மட்டும் 200 வெள்ளி என்று எடுத்துவிட்டு, இவற்றைத் தனியாகத் தேடி அதே அளவு செலவழித்தவர்கள் உண்டு.

ஏரியல் மாட்டாமல் பேசும் பொத்தானை அழுத்திக் காட்டும் விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை வராது. போக இடம் இல்லாத சக்தி திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரைச் சுடும். ஏரியலுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்கிற டம்மி லோடும், அதை அளக்கிற வாட் மீட்டரும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். 25 வாட் செட்டில் முள் 20க்கு மேல் நின்றால் நல்லது. 8, 10 என்று தடுமாறினால் ஏற்கெனவே சுட்டிருக்கலாம்.

இனி புரோகிராம் செய்வது. இதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மென்பொருள், தனி கேபிள். மோட்டரோலாவின் பழைய ஜிஎம்300 வகைக்கு விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடுகிற மென்பொருளும், நடுவில் ஓர் இணைப்புப் பெட்டியும் வேண்டும். இன்றைய வேகமான கணினியில் அதை ஓட்டினால் பாதியில் தடைபட்டுச் செட்டின் நினைவகமே கெட்டுப்போகலாம். அதற்கென்று நான் ஒரு பழைய கணினியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஜிஎம்338 விண்டோஸ் மென்பொருளுக்கு வந்துவிட்டது. ஐகாம் கம்பெனியின் செட்டுகள் பலவற்றுக்கு ஓபிசி-478 கேபிள் பொருந்தும். யூஎஸ்பி கேபிள் வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கிற சிப் எது என்று விசாரியுங்கள். ப்ரோலிஃபிக் சிப்பின் போலியை வைத்த மலிவுக் கேபிள்களைப் புதிய விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது. செட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

கேபிளை மாட்டியதும் முதல் வேலை படிப்பது. எழுதுவது அப்புறம். செட்டில் இருப்பதைப் படித்து, செட்டின் வரிசை எண்ணையே பெயராகக் கொடுத்து, அந்தப் பதிவுக் கோப்பை (கோட்பிளக் என்பார்கள்) சேமித்துவிட வேண்டும். ஏதாவது தவறினால் திரும்பப் போக அது ஒன்றுதான் வழி. அப்புறம் பழைய சேனல்கள் அத்தனையையும் நீக்கிவிட்டு, உங்களுக்கு அனுமதி உள்ளதை மட்டும் போடுங்கள். 'இருந்துவிட்டுப் போகட்டும், ஓசியில் கேட்கலாம்' என்று பழைய சேனலை விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கூட்டத்தில் யாருடைய விரலாவது குமிழைத் திருப்பிவிடும், தெரியாமலே அங்கே பேசிவிடுவார்கள்.

ஒரே தொகுதிச் செட்டுகள் என்றால் சில ஆட்கள் குறுக்கு வழியில் போகிறார்கள். ஒரு செட்டின் நினைவகத்தை முழுதாக எடுத்து மற்ற எல்லாவற்றிலும் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதில் அழிந்துபோவது என்ன என்று எனக்குத் தெரியும். ஆலையில் ஒவ்வொரு செட்டும் சோதனை மேசைக்கு வரும். அதன் அலைவரிசை சரியாக நிற்கிறதா, சக்தி எவ்வளவு, குரல் அலையை எவ்வளவு அசைக்கிறது என்று கருவியில் பார்த்து, அந்தச் செட்டுக்கென்று எண்களைப் பதிவோம். பக்கத்தில் இருக்கிற அதே மாடலுக்கு அந்த எண்கள் பொருந்தாது. உறுப்புகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. முழு நினைவகத்தையும் கொட்டும்போது இந்த எண்களும் சேர்ந்து போய்விடும். 460 மெகாஹெர்ட்ஸில் 2 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே ஒடுக்கச் சேனலில் பேச்சு கரகரக்கும். அப்புறம் 'பழைய செட் அப்படித்தான்' என்று பழியைச் செட் மேல் போடுவார்கள். கம்பெனி மென்பொருளில் படித்து, சேனல்களை மட்டும் மாற்றி எழுதுங்கள். முடியாவிட்டால் உரிமம் உள்ள கடைக்காரரிடம் கொடுங்கள், அவர் வாங்கும் கூலி நியாயமானது.

பேசும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்கிற வசதியை மறக்காதீர்கள். 60 வினாடி வைத்தால் போதும். கூட்ட நெரிசலில் ஒருவர் இடுப்பில் மைக் பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் மொத்தக் குழுவும் ஊமையாகிவிடும். வரம்பு வைத்திருந்தால் செட் தானாகவே நின்றுவிடும்.

லோரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் பெரிய லோரிகளில் இருப்பது 24 வோல்ட். நேராகக் கொடுத்தால் புகைதான் வரும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுக்கிற பட்டறைகளும் உண்டு. அதனால் ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் படுத்துவிடும். 24ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் போடுங்கள். 25 வாட் செட் பேசும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும், ஆகவே 10 ஆம்பியர் தாங்குகிற கன்வெர்ட்டராக இருக்கட்டும். ஏரியல் பொருத்தியபின், அதிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 1.5க்குக் கீழே வந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

அனுமதிக்கு விண்ணப்பிக்க நேரமோ பணமோ இல்லாத சிறிய குழு என்ன செய்வது? 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய பட்டை இருக்கிறது. அதற்கென்று சிரிம் சான்று பெற்ற செட்டை வாங்கினால் தனி விண்ணப்பம் இல்லாமல் பேசலாம். ஆனால் அது எல்லாருக்கும் பொது, பக்கத்துப் பந்தல்காரரும் அதில்தான் இருப்பார், ஒதுங்கிப் பேசப் பழக வேண்டும். 25 வாட் வண்டிச் செட்டை அந்தப் பட்டையில் போட்டு அடிப்பது கூடாது. பெரிய ஆலயக் குழுக்கள் என்றால், அலைவரிசையோடு செட்டை வாடகைக்குக் கொடுக்கிற உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் இரண்டு மூன்று நாளுக்கு எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். பழையதை வாங்கி வைத்தால் வருடம் முழுவதும் வேறு வேலைக்கும் உதவ வேண்டும், அப்போதுதான் கணக்குச் சரியாக வரும்.

சில இளைஞர்கள், பொழுதுபோக்காக வானொலி பழகுகிறவர்களுக்கான அமெச்சூர் பட்டையில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையும், 430 முதல் 440 வரையும் தேர்வு எழுதி அழைப்புக் குறி வாங்கியவர்களுக்கு உரியது. 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகளைச் சிலர் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேர்வை எழுதுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன், ஆர்வம் இருக்கிற பிள்ளைகள் நிச்சயம் தேறிவிடுவார்கள். படித்துக் குறி வாங்கிய பிறகு பழைய தொழில் செட்டை அந்தப் பட்டைக்கு மாற்றிப் பழகுவதைவிட நல்ல பாடம் கிடையாது. நம் தமிழ் இளைஞர் மன்றங்கள் இதற்கு ஒரு வகுப்பு நடத்தினால், நான் வந்து சொல்லிக்கொடுக்கத் தயார்.

செட் விற்பவர்களிடமும், பழைய செட்டுகளைக் கழிக்கிற நிறுவனங்களிடமும் நான் கேட்பது இவ்வளவே. கைமாற்றுவதற்கு முன் உள்ளே உள்ளதை அழித்துவிடுங்கள். ரசீதில் மாடல் எண்ணை முழுதாக எழுதுங்கள், பட்டை எது என்றும் எழுதுங்கள். வாங்குகிற குழுக்கள், ஒவ்வொரு செட்டிலும் என்ன பதிந்திருக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்து, அனுமதிக் கடிதத்தோடு ஆலய அலுவலகக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பாளர் மாறினாலும் புதியவர் அதைப் பார்த்துக்கொள்வார்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வானொலிச் சோதனையாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு